எழுதியவரே வாசிக்கும்போது

தென்னாப்பிரிக்க நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவா தன் அம்மா பேசியதைச் சொல்லும் இடம் வந்தால் குரலே மாறிவிடும். உச்சரிப்பு கனத்து, ஒவ்வொரு சொல்லும் அழுத்தமாக விழும். மறுபேச்சுக்கு இடமே கொடுக்காத ஓர் அம்மா நம் காதருகே வந்து நிற்பார். அடுத்த வரியில் நோவாவே சின்னப் பையனாகி அந்த அம்மாவிடம் வாயாடுவார். 'பார்ன் எ க்ரைம்' என்ற அந்தத் தன்வரலாற்றை நான் முதலில் அச்சில்தான் படித்தேன். நல்ல புத்தகம் என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். பிற்பாடு அவரே வாசித்த ஒலிப்புத்தகத்தைக் கேட்டேன். இரண்டும் ஒரே புத்தகம்தான், ஆனால் எனக்குள் வந்து தங்கியது காதால் கேட்டதுதான்.

நான் திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. படித்ததெல்லாம் தமிழ் வழி. ஆங்கிலத்தில் ஒரு புத்தகத்தைப் பொறுமையாகப் படித்துவிடுவேன். ஆனால் யாராவது ஆங்கிலத்தில் கடகடவென்று பேசினால் பாதி போய்விடும். அதனாலேயே ஒலிப்புத்தகம் நமக்கில்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதியவரே வாசிக்கும் ஒரு வாழ்க்கைக் கதை, கேட்டுப் பழக மிக நல்ல இடம். எப்படிக் கேட்டால் அது மனதில் நிற்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் புத்தகம் பற்றிக் கொஞ்சம். நோவா 1984 பிப்ரவரி 20 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அம்மா பட்ரிஷியா, கோசா இனத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண். அப்பா ராபர்ட், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த வெள்ளையர். தென்னாப்பிரிக்காவில் 1927-இல் வந்த ஒழுக்கக்கேடு தடுப்புச் சட்டப்படி வெள்ளையரும் கறுப்பினத்தவரும் உறவு கொள்வதே குற்றம். அந்தச் சட்டம் ஆணுக்கு 5 ஆண்டு வரை, பெண்ணுக்கு 4 ஆண்டு வரை சிறை என்றது. இந்தத் தடை விலக்கப்பட்டது 1985-இல். நோவா பிறந்ததோ அதற்கு முந்தைய வருடம். அதாவது அம்மா அப்பா செய்த 'குற்றத்துக்கு' சாட்சியாகப் பிறந்த குழந்தை அவர். 'பிறப்பே குற்றம்' என்று பொருள்படும் தலைப்பு அங்கிருந்துதான் வந்தது. புத்தகம் 2016 நவம்பரில் வெளியானது. ஒலிப்புத்தகம் 8 மணி 44 நிமிடம். அதை வாசித்ததற்காக 2018-இல் அமெரிக்க ஒலிப்புத்தகத் துறையின் ஆடி விருதுகளில் சிறந்த ஆண் வாசிப்பாளர் விருது அவருக்குக் கிடைத்தது.

தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் ஆட்சி நிறம் பார்த்து மக்களைப் பிரித்துவைத்த இனஒதுக்கலைப் பத்தாம் வகுப்பில் பாடமாக நடத்துகிறவள் நான். 1948, 1990, 1994 என்று வருடங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மண்டேலாவின் பெயரை அடிக்கோடிட்டு நடத்திவிடலாம். ஆனால் தெருவில் நடக்கும்போது போலீஸ் எதிரே வந்தால், ஓர் அம்மா தன் குழந்தையின் கையை விட்டுவிட்டு யாரோ போல விலகி நடக்க வேண்டியிருந்தது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. பூங்காவில் அப்பாவைப் பார்த்ததும் குழந்தை 'அப்பா அப்பா' என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடுகிறது. நாலு பேர் திரும்பிப் பார்க்க, அப்பா பயந்துபோய் ஓட ஆரம்பிக்கிறார். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் துரத்துகிறது. அச்சில் இது அரைப் பக்கம்கூட இருக்காது, கண் வேகமாகத் தாண்டிவிடும். குரலில் அப்படித் தாண்ட முடியாது. அவர் சொல்லும் வேகத்தில்தான் நாமும் போக வேண்டும். சொல்லும் விதத்தில் சிரிப்பு வரும், சிரித்து முடித்த பிறகுதான் நாம் எதற்குச் சிரித்தோம் என்பது உறைக்கும்.

எழுதியவரே வாசிப்பதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால், இந்தப் புத்தகத்தில் முதலில் நான் மொழிகளைச் சொல்வேன். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. நோவா அவற்றில் பலவற்றைப் பேசி வளர்ந்தவர். அம்மா அவருக்கு முதலில் பேசக் கற்றுக்கொடுத்தது ஆங்கிலம். வீட்டில் கோசா, தெருவில் ஜூலு, ட்சுவானா, ஆஃப்ரிகான்ஸ் என்று மற்றவை சேர்ந்தன. இளைஞனாக அவர் தெருவில் நடந்துபோகும்போது, பின்னால் வரும் சில ஜூலு இளைஞர்கள் இவரை வெள்ளைக்காரன் என்று நினைத்து, மடக்கி வழிப்பறி செய்யலாம் என்று தங்களுக்குள் ஜூலுவில் பேசிக்கொள்கிறார்கள். இவர் சட்டென்று திரும்பி அதே ஜூலுவில், நாம் எல்லோரும் சேர்ந்தே வேறு யாரையாவது மடக்குவோமே என்கிறார். அவர்கள் திகைத்து, மன்னிப்புக் கேட்டு, வேறு யாரோ என்று நினைத்துவிட்டோம் என்று விலகிப் போகிறார்கள்.

அச்சில் அந்த ஜூலு வரிகள் கண்ணுக்கு வெறும் எழுத்துக் கூட்டம். நானே அவற்றைத் தாண்டி, கீழே இருக்கும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறேன். ஒலியில் அவர் அதைப் பேசுகிறார். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை, ஆனால் அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பது புரிந்தது. தோல் நிறத்தை வைத்து இவரை அந்நியன் என்று முடிவு செய்தவர்கள், காதில் தங்கள் மொழி விழுந்ததும் நம்மாள் என்று மனம் மாறும் அந்த நொடி கேட்டாலே தெரிகிறது. கோசா மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் மெய்யொலிகள் உண்டு. ரோமன் எழுத்தில் அவற்றை சி, க்யூ, எக்ஸ் என்று எழுதுகிறார்கள். எழுத்தில் பார்த்தால் அந்த ஒலி எப்படி இருக்கும் என்று ஊகிக்கவே முடியாது. அந்த மொழியில் வளர்ந்தவர் ஆங்கில வாக்கியத்தின் நடுவே ஒரு பெயரைச் சொல்லும்போது அந்தச் சொடுக்கு இயல்பாக வந்து விழுகிறது. வெளியாள் ஒருவர் வாசித்திருந்தால் இது கிடைத்திருக்காது.

அடுத்து அம்மாவும் மகனும் எழுதிக்கொள்ளும் கடிதங்கள். மகன் வாய்ச்சண்டையில் கெட்டிக்காரன், அம்மாவுக்கு எதிர்வாதம் கேட்க நேரமில்லை. அதனால் இருவரும் சண்டையைக் கடிதத்தில் போடுகிறார்கள். அம்மா பைபிள் வசனத்தை மேற்கோள் காட்டி, படிப்பிலும் வீட்டு வேலையிலும் எங்கே குறை என்று வரிசையாக எழுதுகிறார். பையன் அலுவலகக் கடிதம் மாதிரி, தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன் என்கிற தோரணையில் பதில் எழுதுகிறான். இதை நோவா இரண்டு பேராகவும் வாசிக்கும்போது, சண்டைக்குள் எவ்வளவு அன்பு இருந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பள்ளியில் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தப் பகுதி அப்படிப் பிடித்துப்போயிற்று. மகனைச் சமமாக மதித்து, நீ எழுத்தில் வா, நானும் எழுத்தில் வருகிறேன் என்று நிற்கும் அம்மாவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஓட்டமும் இந்தப் புத்தகத்தில் நிறைய. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று தேவாலயங்களுக்கு மகனை இழுத்துக்கொண்டு போகும் அம்மா அவர். பல இனத்தவரும் கூடுவது ஒன்று, வெள்ளையர் கூடுவது ஒன்று, கறுப்பினத்தவர் கூடுவது ஒன்று. குறும்பு செய்துவிட்டு மகன் ஓடினால் பின்னாலேயே துரத்துவார். பிடிக்க முடியாவிட்டால் 'திருடன், பிடிங்க' என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்துவார், ஊரே சேர்ந்து அந்தப் பையனைத் துரத்தும். அதே அம்மா ஒரு ஞாயிறு இரவு, ஓடிக்கொண்டிருக்கும் மினிபஸ்ஸிலிருந்து மகனை வெளியே தள்ளிவிட்டு, கைக்குழந்தையை அணைத்தபடி தானும் குதிக்கிறார். மண்டேலா விடுதலையாகி, ஜூலு, கோசா அமைப்புகளுக்கிடையே கொலைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஓட்டுநர் ஜூலு. அம்மா கோசா என்று தெரிந்ததும் மிரட்ட ஆரம்பித்திருக்கிறார். குதித்து எழுந்ததும் அம்மா சொல்வது ஒன்றே, ஓடு. சிராய்ப்பும் ரத்தமுமாகத் தப்பித்த பிறகு இருவரும் சாலையோரம் நின்று, இன்றைக்குக் கார் கிளம்பாதபோதே வீட்டில் இருந்திருக்கலாமே, அது கடவுள் காட்டிய அடையாளம் என்று பையன் வாதாட, இல்லை எல்லாம் கடவுளின் திட்டம்தான் என்று அம்மா சொல்ல, கடைசியில் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

புத்தகம் இங்கேதான் தொடங்குகிறது. அதனால் கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் முதல் அத்தியாயத்தை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். குரல் பிடிக்கிறதா, உச்சரிப்பு பழகுமா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

தேர்ந்த வாசிப்பாளர்கள் குறைந்தவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அப்துல் கலாமின் தன்வரலாற்றை ஆங்கிலத்தில் கிரீஷ் கர்னாட் வாசித்திருக்கிறார். நாடகம் எழுதி, நடித்துப் பழகிய குரல் அது. சொற்கள் தெளிவாக வரும், கேட்கச் சுகமாக இருக்கும். ஆனாலும் ராமேஸ்வரத்துப் பகுதிகளைக் கேட்கும்போது கலாமின் அந்தக் கொஞ்சும் உச்சரிப்பில், ராமநாதபுரத்து வாடையோடு கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மனம் ஏங்கும். கலாமின் குரல் நமக்கெல்லாம் பழக்கமானது என்பதால் அந்த ஏக்கம் கூடுதலாகவே இருக்கிறது. கதை நாவல் என்றால் நல்ல வாசிப்பாளர் போதும். 'நான்' என்று ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது அந்த 'நான்' அவர் வாயிலிருந்தே வருவதற்கு ஈடில்லை. எங்கே அவர் மூச்சு வாங்குகிறார், எதை வேகமாகச் சொல்லிக் கடக்கிறார், எந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் தணிகிறது என்பதெல்லாம் அச்சில் இல்லாத செய்திகள்.

சரி, கேட்பது எப்படி?

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். வாசித்தவர் பெயர் எழுதியவர் பெயர்தானா என்று பார்க்க வேண்டும். சுருக்கப்படாத பதிப்பா என்றும் பார்க்க வேண்டும். பழைய ஒலிப்பதிவுகளில் பல, கேசட் காலத்தில் சுருக்கி எடுத்தவை. செயலிகளில் சில நிமிட மாதிரி இலவசமாகக் கேட்கக் கிடைக்கும், அதைக் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். மாதச் சந்தாவா, தனியாக ஒரு புத்தகத்துக்கு மட்டும் விலையா என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வேகத்தைக் கூட்டாதீர்கள். இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். எங்கள் ஆசிரியர் அறையில் இளைய ஆசிரியர்கள் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்கிறார்கள். தேர்வுக்கான பாடம், செய்தி விவாதம் என்றால் அது சரி. இந்தப் புத்தகத்தை அப்படிக் கேட்டால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மிச்சமாகும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவருடைய இடைவெளிகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு நகைச்சுவைக் கலைஞருக்கு இடைவெளிதான் கைத்தொழில், எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று மேடையில் பல வருடம் பழகியவர். அதை நசுக்கிவிட்டு அவரைக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் கேட்கத் தயங்குபவர்கள் ஆரம்பத்தில் ஒரு படி குறைத்தும் வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் காது பழகிவிடும், அப்புறம் இயல்பான வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. அச்சுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை விரல் வைத்துப் பின்தொடருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற மாதிரிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தச் சொல்லை அவர் எப்படி உச்சரிக்கிறார் என்பது கண்ணும் காதும் சேரும்போது பிடிபட்டுவிடும். அதன் பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். புரியாத சொல் வந்தால் நிறுத்தி அகராதி தேடாதீர்கள். ஒரு சொல்லுக்காக நிறுத்தினால் அடுத்த வாக்கியத்தின் தொடர்ச்சி அறுந்துபோகும். ஒரு சம்பவமே புரியாமல் போனால் மட்டும் முப்பது நொடி பின்னால் போகும் பொத்தானை அழுத்துங்கள். ஊர்களை முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்துவைத்தால் பெரிய உதவி. ஜோகன்னஸ்பர்க் நகரம், தென்மேற்கே சோவெட்டோ, வடகிழக்கே அலெக்ஸாண்ட்ரா, தென்கிழக்கே ஈடன் பார்க். இந்த நாலு பெயரும் தெரிந்தால் குடும்பம் எங்கிருந்து எங்கே குடிபோகிறது என்பது குழம்பாது. கறுப்பினத்தவரை நகரத்துக்கு வெளியே தள்ளிக் குடியமர்த்தினார்கள் என்பதும் வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். நான் இப்போது வகுப்பிலும் அந்த வரைபடத்தை வரைந்து காட்டித்தான் இனஒதுக்கலைத் தொடங்குகிறேன்.

எந்த வேலை செய்துகொண்டே கேட்பது என்பதிலும் யோசனை வேண்டும். கீரை ஆய்வது, துணி மடிப்பது, பாத்திரம் விளக்குவது எல்லாம் நல்ல துணை. கைக்கு வேலை இருக்கும், மனதுக்கு இருக்காது. எழுத்தோ கணக்கோ உள்ள வேலை எதுவும் கூடாது. விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்கவே முடியாது, இரண்டும் கெடும். இஸ்திரி போடுவது எனக்கு மிகவும் பொருந்திய வேலை. ஆனால் மினிபஸ் கட்டத்தை இஸ்திரி போட்டபடி கேட்காதீர்கள், துணி பத்திரம்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து முசிறி வழியில் போகும் பஸ்தான் எனக்கு அதிகம் கேட்கக் கிடைத்த இடம். நொச்சியம், வாத்தலை, குணசீலம் என்று ஒரு பக்கம் முதலில் கொள்ளிடமும் பிறகு காவிரியும் கூடவே வரும். ஆனால் பஸ்ஸில் பாட்டு அலறும். அதை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் காதுக்குத்தான் கேடு. காதுக்குள் நன்றாக அடைத்து உட்காரும் ரப்பர் முனை கொண்ட இயர்போன் வைத்துக்கொண்டால் பாதி ஒலியிலேயே தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கருக்கு நேர் கீழே இருக்கும் இருக்கையைத் தவிர்க்க வேண்டும். அப்படியும் முடியவில்லை என்றால் அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். அரைகுறையாகக் கேட்ட அத்தியாயம், முழுசாகக் கேட்டதாக மனதில் பதிந்து ஏமாற்றும். இறங்கி ரோட்டைக் கடக்கும்போது இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிடுங்கள்.

ஒரு அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கும். அங்கேதான் நாம் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தபடி சும்மா இருங்கள். அப்புறம் மனதில் தங்கிய ஒரே ஒரு விஷயத்தை, பார்க்காமல் கேட்காமல், சொந்த வார்த்தையில் தமிழில் எழுதுங்கள். நான் டைரியில் எழுதுகிறேன். செயலியில் குறி போட்டுக்கொண்டே போகும் வசதி இருக்கிறது, ஆனால் போட்ட குறிகளை யாரும் திரும்பப் பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை. கையால் எழுதிய ஒரு வரி நிற்கிறது. ஃபூஃபி என்ற நாய் பற்றிய அத்தியாயம் முடிந்து நான் எழுதியது இது: 'நாய்க்குக் காது கேட்காது என்பது அது இறக்கும்போதுதான் தெரிந்தது, அதுவரை அதைப் புத்தி மட்டு என்றே நினைத்திருக்கிறார்கள்.' அந்த வரியை எழுதியதும் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் ஒருவர் இருவர் முகம் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு பையனைக் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி அவன் அம்மாவிடம் பேசினேன். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்காருகிறான்.

இது பிள்ளைகளோடு சேர்ந்து ஸ்பீக்கரில் கேட்கும் புத்தகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெட்ட வார்த்தைகள் வரும். குடும்ப வன்முறை வரும். வீட்டில் அந்த மாதிரி அனுபவம் உள்ளவர்கள் கடைசி அத்தியாயத்தைத் தனியாகக் கேட்கும் முன் யோசிப்பது நல்லது.

அந்தக் கடைசி அத்தியாயம் அம்மாவைப் பற்றியது. அம்மா மறுமணம் செய்துகொண்ட மெக்கானிக், வெளியில் எல்லோருக்கும் பிடித்த மனிதர். குடித்தால் வேறு ஆள். முதல் முறை கைநீட்டியதும் அம்மா நேரே காவல் நிலையம் போகிறார். அங்கே இருப்பவர்கள், புருஷன் பொண்டாட்டி சண்டை, சமாதானமாகப் போங்கள் என்கிற மாதிரிப் பேசி, புகாரையே பதிவு செய்யாமல் அனுப்புகிறார்கள். இதைக் கேட்கும்போது தென்னாப்பிரிக்கா என்ற தூரமே எனக்கு இல்லாமல் போய்விட்டது. பல வருடம் கழித்து, 2009-இல், பிரிந்து போய்விட்ட அம்மாவை அந்த மெக்கானிக் துப்பாக்கியால் சுடுகிறார். தலையின் பின்புறம் பாய்ந்த குண்டு மூளையைத் தொடாமல் மூக்கு வழியாக வெளியேறியிருக்கிறது. அம்மா பிழைத்துக்கொள்கிறார். மருத்துவக் காப்பீடு இல்லை, செலவு எவ்வளவு ஆகுமோ தெரியாது என்று மருத்துவமனையில் சொல்லும்போது மகன் தன் கிரெடிட் கார்டை நீட்டுகிறார். கண் விழித்த அம்மா, அழுதுகொண்டிருக்கும் மகனிடம், நல்ல பக்கத்தையும் பார், இனிமேல் இந்தக் குடும்பத்திலேயே அழகான ஆள் நீதான் என்கிறார்.

அச்சில் படித்தபோது இந்த இடத்தில் அந்த அம்மாவின் தைரியத்தை வியந்தேன். கேட்டபோது வியக்க நேரமில்லை. அவ்வளவு நேரம் நம்மைச் சிரிக்க வைத்த குரல் இங்கே வேகம் குறைந்து, சொல்லுக்குச் சொல் கவனமாக நடக்கிறது. அம்மாவின் அந்தக் கேலி மட்டும் பழைய அழுத்தத்தோடு, பழைய அம்மா குரலில் வருகிறது. முதல் அத்தியாயத்திலிருந்து அந்தக் குரல் காதுக்குப் பழகியிருந்ததால் அவர் பிழைத்துவிட்டார் என்பது அந்த ஒரு வாக்கியத்தின் தொனியிலேயே எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பாட்டி, 'என்ன சாமி, யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?' என்று கேட்டார். ஒரு அம்மா பொழச்சிட்டாங்க பாட்டி என்றேன். அப்ப சரி என்று தன் பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்துக் கொடுத்தார். இந்த அத்தியாயத்தைத் தயவுசெய்து வண்டி ஓட்டிக்கொண்டே கேட்காதீர்கள். உட்கார்ந்து கேட்க நேரம் ஒதுக்குங்கள்.

கேட்டு முடித்த பிறகு அச்சுப் புத்தகத்தை மறுபடி எடுங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம், டைரியில் எழுதிய இடங்களை மட்டும் தேடிப் படித்தால் போதும். இப்போது பக்கத்திலிருந்து அவர் குரல் தானாக எழும். ஆங்கில வாக்கியம் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது அப்படித்தான் எனக்கு விளங்க ஆரம்பித்தது. பேச்சு ஆங்கிலம் கற்கப் பணம் கட்டிப் படிப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். பயிற்சி வகுப்பு உரையாடலை விட, ஒரு மனிதர் தன் வாழ்க்கையைச் சொல்வதைக் கேட்டால் மொழி சீக்கிரம் வருகிறது. என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் காது தானாகத் திறக்கிறது.

வகுப்பிலும் ஒன்றை மாற்றினேன். பிள்ளைகள் வீட்டில் ஒருவரைப் பற்றி எழுதிவருவது எங்கள் பள்ளியில் பழைய வழக்கம். நன்றாக வாசிக்கும் ஒரு மாணவி எல்லாருடையதையும் வாசிப்பாள். இப்போது எழுதியவரே எழுந்து வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். 'நானே படிக்கணுமா டீச்சர்?' என்று முதலில் எல்லோரும் நெளிந்தார்கள். லாரி ஓட்டுநரின் மகள் ஒருத்தி, 'எனது தந்தை கடின உழைப்பாளி' என்று கட்டுரைத் தமிழில் ஆரம்பித்தாள். நாலு வரி போனதும் தாளைத் தாழ்த்திவிட்டு, 'எங்கப்பா வீட்டுக்கு வந்தா மொதல்ல லாரி சாவியத்தான் சாமி படத்துக்கிட்ட வைப்பாரு டீச்சர்' என்றாள். அது தாளில் இல்லாத வரி. அதற்கப்புறம் அவள் தாளைப் பார்க்கவே இல்லை. வகுப்பே அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டது. மறுநாள் அந்தச் சாவி வரியையும் சேர்த்து எழுதி வரச் சொன்னேன், எழுதி வந்தாள். பேசிப் பார்த்துவிட்டு எழுதினால் கட்டுரை உயிரோடு வருகிறது என்று தமிழாசிரியையும் இப்போது தன் வகுப்பில் இதையே செய்கிறார்.

வாசிக்க விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதில்லை. வீட்டு விஷயம் சிலருக்கு ரணமாக இருக்கும். அவர்கள் பிடித்த இடம், பிடித்த சாப்பாடு என்று எழுதி வாசிக்கலாம். வாசிக்கும்போது யாரும் திருத்தக் கூடாது, உச்சரிப்பைக்கூட. திருத்தமெல்லாம் அடுத்த நாள், தனியாக. இந்த இரண்டு விதியையும் விட்டுவிட்டால் பிள்ளைகள் மறுபடி கட்டுரைத் தமிழுக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள்.

எழுதியவர் எல்லோரும் நன்றாக வாசிப்பார்கள் என்றும் சொல்ல மாட்டேன். எழுத்தில் மின்னும் சிலர், ஒலிவாங்கி முன் பட்டியல் வாசிப்பது போலத் தட்டையாக வாசித்துவிடுகிறார்கள். மேடை, வகுப்பறை, பிரசங்கம் என்று ஏதாவது ஒரு வகையில் கூட்டத்தின் முன் பேசிப் பழகியவர்கள் என்றால் நம்பி வாங்கலாம். மிஷெல் ஒபாமா 2018-இல் வெளியிட்ட தன்வரலாற்றை அவரே வாசித்திருக்கிறார். 19 மணி நேரம் ஓடும், 2020-இல் அதற்கு கிராமி விருது கிடைத்தது. சிகாகோவின் தென்பகுதியில், தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த அப்பாவைப் பற்றி அவர் சொல்லும் முதல் சில அத்தியாயங்களைக் கேட்டிருக்கிறேன். நோவாவைப் போல வேஷம் கட்டுவதில்லை, நிதானமான குரல். ஆங்கிலம் கேட்டுப் பழக இதுவே இன்னும் எளிது என்று தோன்றுகிறது. விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகும் பயணங்களில் மீதியைக் கேட்கப் போகிறேன்.